நெடுவழி நடை

ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்களின் இறுதியில், காரைக்கால் சாலையில் காவியுடை அணிந்தோர் சாரிசாரியாக நடந்து செல்வர். இவர்கள் 29ஆம் நாள் கொடியேறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் செல்வோர். சென்னையிலிருந்து புறப்பட்டோர் 300 கிலோமீட்டருக்கு மேல் நடத்தல் வேண்டும். காரைக்காலை அடைந்த பின்னும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் எஞ்சியிருக்கும். அப்பொழுதுதான் உடல் மிகவும் தளரும்.

இத்தகைய பயணத்திற்கு முன்னேற்பாடு இன்றியமையாதது. பல வாரங்களுக்கு முன்பே நாள்தோறும் நடந்து பழகுதல் நன்று. புதுச் செருப்பு உராய்ந்து கொப்புளம் எழுப்பும். ஒரு சிறு கொப்புளமே பயணத்தை நிறுத்திவிடக்கூடும். ஆதலின் பழகிய செருப்பையே அணிதல் வேண்டும். வெயில் ஏறுமுன் நடந்து, நண்பகலில் நிழலில் தங்குதல் வேண்டும். வியர்வையால் இழந்த நீரையும் உப்பையும் நீர்மோர் ஈடுசெய்யும். அதனை வழியோர ஊர்மக்கள் அன்புடன் வழங்குகின்றனர். நடப்போரின் உறுதியும் ஈவோரின் அன்பும் சேர்ந்தே நெடுவழியைக் கடக்கச் செய்கின்றன.