அருகருகே வாழும் இரு கலங்கள்

'மலடி' என்ற சொல்லைக் கேட்காமல் எமது ஊர்களில் எந்தப் பெண்பிள்ளையும் வளர்வதில்லை. 'மலடன்' என்ற சொல்லும் தமிழில் உண்டு. ஆனால் அதை எவரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளையில்லாத வீட்டில் முதலில் வைத்தியரிடம் அனுப்பப்படுபவள் மருமகள்தான். உண்மையில் பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதியரில் ஏறக்குறைய அரைவாசிப் பேரில் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் கற்பவள் என்ற வகையில், அக்காரணங்களுள் ஒன்றை இங்கு விளக்க விரும்புகிறேன்.

ஆணின் விதையினுள் மெல்லிய குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. விந்துகள் அவற்றினுள்ளே உருவாகின்றன. குழாய்களுக்கு இடைப்பட்ட இழையத்தில் இருப்பவை லெடிக் கலங்கள். 1850 இல் ஜேர்மனிய விஞ்ஞானி பிரான்ஸ் லெடிக் இவற்றை விபரித்தார். கபச்சுரப்பியின் கட்டளைப்படி கொலஸ்திரோலில் இருந்து தெஸ்தெஸ்திரோன் ஓமோனைத் தயாரிப்பதே இவற்றின் தொழில். அது விதையினுள் குறைந்தால் விந்தாக்கமும் தளரும்.

லெடிக் கலங்களின் அயலவர் யார் தெரியுமா? கிருமிகளை விழுங்கும் பெருந்தின்கலங்கள். எலிகளில் இவ்விரு கலங்களும் ஒன்றோடொன்று ஒட்டியே காணப்படுகின்றன. பெருந்தின்கலம் குறைந்த சுண்டெலிகளில் தெஸ்தெஸ்திரோனும் விந்தும் குறைந்திருந்தன. ஆகவே இந்தக் காவலாளி ஓமோன் தயாரிப்புக்கும் துணை நிற்கிறது.

இங்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உடலின் நிர்ப்பீடனத் தொகுதி 'தன்னுடையது எது' என்பதைச் சிறுவயதிலேயே பழகிவிடுகிறது. விந்துகளோ பருவமடையும்போதே தோன்றுகின்றன. அவை அந்நியராகத் தென்படக்கூடும். எனவே குழாய்ச் சுவரிலுள்ள செற்றோலிக் கலங்கள் நெருக்கமாகப் பிணைந்து வேலி அமைக்கின்றன. வெளியேயுள்ள பெருந்தின்கலங்களும் வழமையாக அமைதி காக்கின்றன.

தொற்று ஏற்பட்டால் அந்த அமைதி குலைகிறது. சண்டைக்கு எழும் பெருந்தின்கலங்கள் சுரக்கும் அழற்சிப் பதார்த்தங்கள் லெடிக் கலங்களின் ஓமோன் தயாரிப்பை அடக்குகின்றன. காயத்தால் வேலி உடைந்தால் விந்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் தோன்றி, அதன் அசைவைத் தடுக்கவும் கூடும். பருவமடைந்த ஆண்களைக் கூகைக்கட்டு தாக்கும்போது சிலருக்கு விதையும் வீங்குவதுண்டு. எமது நாட்டில் 2011 முதல் குழந்தைகளுக்கு ஏற்றப்படும் எம்.எம்.ஆர். தடுப்பூசி இந்நோயிலிருந்தும் பாதுகாக்கிறது. அந்த ஊசியைத் தவறவிடாதிருப்பது ஆண் பிள்ளையின் எதிர்காலத்துக்கும் நல்லது.

பெற்றோருக்கு இரண்டு விடயங்களைச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஒன்று, விந்து குறைவதும் ஆண்மை குறைவதும் ஒன்றல்ல. தெஸ்தெஸ்திரோன் சரியாக இருந்தும் விந்து இல்லாதவர்கள் உண்டு. அது வெட்கப்படவேண்டிய குற்றமல்ல. கலங்களுக்கு ஏற்பட்ட சுகவீனம். மற்றது, விந்துப் பரிசோதனை வலியற்றது, எளிதானது. ஒரு விந்து உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் எடுப்பதால், அண்மையில் வந்த கடும் காய்ச்சலும் முடிவை மாற்றலாம். அதனால் வைத்தியர் மீண்டும் பரிசோதிக்கச் சொல்வார். பெண்ணுக்கான பரிசோதனைகளோ பலபடி கொண்டவை, சில வலி தருபவை. ஒரு வருடம் காத்தும் பிள்ளை கிடைக்காவிட்டால் மருமகளை மட்டும் அனுப்பாதீர்கள். மகனையும் சேர்த்து அனுப்புங்கள்.