திண்டுக்கல் கோட்டைக்குள் இருட்டறை பார்க்கப் போவது எப்படி?

பழனி வட்டாரத்தில் எந்த டீக்கடையில் பழைய காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கடைசியில் ஒரு சுரங்கத்தில்தான் போய் முடியும். ஜமீன் மாளிகையிலிருந்து மலையடிவாரத்துக்கு ஒன்று, கோயிலிலிருந்து ஆற்றங்கரைக்கு ஒன்று, திண்டுக்கல் மலைக்கோட்டையிலிருந்து மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்கு ஒன்று. சொல்கிறவர் உள்ளே போயிருக்க மாட்டார். அவருடைய தாத்தா காலத்தில் உள்ளே நுழைந்த ஆடு மட்டும் எப்படியோ அந்தப் பக்கம் வெளியே வந்திருக்கும்.

அந்த ஆட்டைத் தேடிப் போவது வீண். ஆனால் பழனிக்குப் பக்கத்துப் பாலசமுத்திரத்திலிருந்து காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பும் தூரத்தில், டார்ச் அடித்துப் பார்க்கக்கூடிய நிஜமான இருட்டறைகள் உண்டு. அவை திண்டுக்கல் கோட்டையில் இருக்கின்றன. மதுரை நாயக்கர்கள் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கி, பிறகு மைசூர்ப் படையும் ஆங்கிலேயரும் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்ட கோட்டை அது. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. அது மூட்டை கட்டுவது அல்ல, ஒரு சின்னக் கணக்குப் போடுவது. திண்டுக்கல்லிலிருந்து மதுரை ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூரில் முகலாயர் காலத்தில், 1615 வாக்கில், பூமிக்கு அடியில் தண்ணீர் கொண்டுவர வெட்டிய சுரங்கம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதன் நீளம் நான்கு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அவ்வளவு தூரத்துக்கே மேலிருந்து நூற்றுக்கும் அதிகமான கிணறுகளை இறக்கியிருக்கிறார்கள். வெட்டிய மண்ணை மேலே தூக்கவும், உள்ளே இருப்பவனுக்கு மூச்சுக் காற்று வரவும் வேறு வழி கிடையாது. அதே கணக்கில் மதுரைக்குச் சுரங்கம் வெட்டியிருந்தால் வழி நெடுகிலும் ஆயிரத்து ஐந்நூறு கிணறுகளாவது இருந்திருக்க வேண்டும். சின்னாளப்பட்டிக்காரர்களோ வாடிப்பட்டிக்காரர்களோ அவற்றில் ஒன்றிலாவது தண்ணீர் இறைத்திருப்பார்கள். எந்தச் சுரங்கக் கதையைக் கேட்டாலும் காற்றுத் துளை எங்கே, வெட்டிய மண்ணை எங்கே கொட்டினார்கள் என்று இரண்டு கேள்விகள் கேட்டால் போதும், பாதிக் கதைகள் அங்கேயே நின்றுவிடும்.

மீதிக் கதைகளுக்கு வேறு விளக்கம் உண்டு. கோட்டைகளில் பெரிய வாசலை அடைத்த பிறகு ஆள் மட்டும் நுழைந்து வெளியேறத் திட்டிவாசல் வைப்பார்கள். மழைநீர் வெளியேற மதகு இருக்கும். தானியத்துக்கும் வெடிமருந்துக்கும் நிலவறை இருக்கும். இவற்றில் எதன் வாயாவது இடிந்து மண் மூடிவிட்டால், நூறு வருடத்தில் அது சுரங்கமாகிவிடும்.

இனிப் பயணம். பாலசமுத்திரத்திலிருந்து டவுன் பஸ் பிடித்துப் பழனிக்கு வந்துவிட்டால், அங்கிருந்து திண்டுக்கல்லுக்குப் பேருந்துக்குப் பஞ்சமில்லை. ஆயக்குடி, சத்திரப்பட்டி, ஒட்டன்சத்திரம் வழியாக இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரயிலும் உண்டு, பாலக்காடு பாதையில் ஓடும் வண்டிகள் குறைவு என்பதால் நேரம் பார்த்துக்கொள்வது நல்லது. பேருந்தில் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கும். வழியில் வரும் விருப்பாச்சிதான், 1772-இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார், பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஆதரவில் தங்கியிருந்த ஊர். திண்டுக்கல் கோட்டையைக் கையில் வைத்திருந்த ஹைதர் அலியிடம் வேலு நாச்சியார் படையுதவி பெற்றதும் அந்த வருடங்களில்தான். ஆங்கிலேயரை எதிர்த்த கோபால நாயக்கர் 1801-இல் தூக்கிலிடப்பட்டார். கோட்டையில் ஏறும்போது இந்தப் பெயர்கள் தெரிந்திருந்தால், வெறும் கல்லாகத் தெரிவது கொஞ்சம் பேசத் தொடங்கும்.

மாதம் முக்கியம். மார்கழி, தை, மாசி உத்தமம். சித்திரை, வைகாசியில் அந்தப் பாறை அடுப்பில் வைத்த கல் மாதிரி காயும். காலை பத்து மணிக்கு மேல் ஏறுவது தண்டனை. ஐப்பசி மழையில் படிகள் வழுக்கும். எந்த மாதமானாலும் கோட்டை திறந்தவுடன் ஏறிவிடுகிறவர்தான் புத்திசாலி. நுழைவாயிலில் தொல்லியல் துறையின் கட்டணச்சீட்டு வாங்க வேண்டும். திறக்கும் நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால், முந்தைய நாள் விசாரித்துக்கொண்டால் வாசலில் நிற்க வேண்டியிருக்காது.

பையில் என்ன இருக்க வேண்டும்? ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், ஏனென்றால் மேலே கடை இல்லை. ரப்பர் அடி உள்ள செருப்போ ஷூவோ. ஒரு தொப்பி. டார்ச் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். செல்போன் வெளிச்சம் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இருட்டான கல் அறைக்குள் ஒரு கையில் போன், மறு கையில் குழந்தை என்று நுழைந்தால் தடுக்கும்போது பிடிக்கக் கை இருக்காது. நெற்றியில் மாட்டும் டார்ச்சை இப்போது சைக்கிள் கடைகளில்கூட விற்கிறார்கள். வாசனைத் திரவியம் பூசாமல் போவதும், ஊதுபத்தி, சிகரெட் எதையும் பற்றவைக்காமல் இருப்பதும் நல்லது. பாறைக் கோட்டைகளில் மலைத்தேனீ கூடு கட்டும். புகையும் வாசனையும் அவற்றுக்கு ஆகாது.

பாறையில் செதுக்கிய படிகளில் ஏறும்போது அவசரப்பட வேண்டியதில்லை. மூச்சு வாங்க நிற்கும் இடங்களில் மதிலைக் கவனிக்கலாம். கீழே பெரிய கருங்கல் வரிசையும் மேலே செங்கல் வேலையும் கலந்து வரும் இடங்கள், வெவ்வேறு கைகள் கட்டியதையும் ஒட்டுப்போட்டதையும் காட்டிக்கொடுக்கும். ஹைதர் அலி 1755-இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக (படைத் தலைவராக) இங்கே வந்தவர். பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஆயுதச்சாலை அமைத்து, பீரங்கிப் படையைப் பழக்கியது இந்த ஊரில்தான். 1790-இல் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை கோட்டையைப் பிடித்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையோடு திண்டுக்கல் கிழக்கிந்தியக் கம்பெனி வசமாயிற்று.

பார்க்க வந்த விஷயம் வெடிமருந்துக் கிடங்கு. இங்கே அரைமணி நேரமாவது செலவழிக்காமல் செல்ஃபி எடுத்துவிட்டு நகர்ந்தால் மலையேறிய பலன் இல்லை. வாசலில் ஒரு நிமிடம் நின்று கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்ட பிறகே உள்ளே கால் வைக்க வேண்டும். வௌவால் நாற்றம் முகத்தில் அடிக்கலாம். ஒவ்வாமை உள்ளவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும்.

உள்ளே போனதும் எல்லோரும் தரையையும் சுவரையும் பார்ப்பார்கள். முதலில் மேலே பார்க்க வேண்டும். கூரையில் வட்டமான காற்றுத் துளைகள் இருக்கும். வெயில் ஏறிய நேரமென்றால் அவற்றின் வழியே இறங்கும் வெளிச்சத்தில் தூசி சுழல்வது தெரியும். கருமருந்தில் பெரும்பங்கு வெடியுப்பு, ஈரம் பட்டால் நமத்துப்போகும். நமத்துப்போன மருந்து பீரங்கிக்கு உதவாது. அதனால் காற்று ஓட வேண்டும், ஆனால் எதிரியின் குண்டு உள்ளே வரக் கூடாது, மழைத்தண்ணீர் சொட்டக் கூடாது. மூன்றுக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். இரட்டைச் சுவர் குண்டுக்கு. சரிவான கூரை மழைக்கு. வட்டத் துளை ஈரத்துக்கு. ஒரு மூலையில் மட்டும் சுவரை மெல்லிய செங்கல்லால் எழுப்பியிருக்கிறார்கள். ஆபத்து வந்தால் உள்ளே இருக்கும் சிப்பாய்கள் அதை உடைத்துக்கொண்டு தப்பிக்கலாம் என்பது ஏற்பாடு. திண்டுக்கல்லில் 'இரகசிய வழி' என்று சொல்லத் தகுந்தது ஏதாவது இருந்தால் அது இந்த மூலைதான். மதுரை வரை போகாது, அடுத்த பக்கம் வரை போகும். ஓர் உயிர் பிழைக்க அது போதும்.

அடுத்து வரிசையாக வரும் அறைகள். போர்க்கைதிகளை அடைத்து வைத்தவை என்று சொல்லப்படும் இவற்றின் எண்ணிக்கை 48. எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்க்கத் தேவையில்லை. ஏதாவது ஓர் அறையில் டார்ச்சை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் நின்றால் போதும். சமையற்கூடம், குதிரை லாயம் ஆகியவற்றை நடந்தபடியே பார்த்துக்கொள்ளலாம்.

பாறையின் சரிவைப் பயன்படுத்தி மழைநீரைத் தேக்கிய நீர்த்தொட்டிகளுக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கலாம். முற்றுகையில் கோட்டை விழுவது பல சமயம் தாகத்தால். உச்சியில் அபிராமி அம்மன் பெயரால் வழங்கும் கோயில் இருக்கிறது. கருவறை வெறுமையாக இருக்கும். வழிபாடு கீழே ஊருக்குள் இருக்கும் கோயிலில் நடக்கிறது. இறங்கிய பிறகு அங்கும் போய்வரலாம்.

செய்யக் கூடாதவை சில உண்டு. கம்பிக்கதவு போட்ட இடத்திலோ, மண் சரிந்த பொந்திலோ 'இதுதான் அந்தச் சுரங்கம்' என்று தலையை விடக் கூடாது. காற்றுப் புகாத பள்ளத்தில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், நச்சு வாயு தங்கியிருக்கும். நாற்றமில்லாத வாயுவும் ஆளைக் கொல்லும். தூர்ந்த கிணற்றில் இறங்கியவர் மயங்க, காப்பாற்ற இறங்கியவரும் மாண்ட செய்தி நம் ஊர்ப் பக்கம் புதிதல்ல. விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் நம்ப முடியாது. எரியும் வாயு இருந்தால் அதுவே ஆபத்தாகும். பாரிஸ் நகரத்தின் அடியில் சுமார் முந்நூறு கிலோமீட்டர் பழைய காலத்தில் கல் வெட்டியெடுத்த சுரங்கங்கள் உண்டு. பொதுமக்களுக்குக் காட்டுவது ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டும்தான். மற்ற இடத்தில் அனுமதியின்றி நுழைந்தால் அபராதம்.

இன்னொன்று, சுவரில் இதயம் வரைந்து பெயர் எழுதுவது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். காதலைச் சொல்ல அதைவிட மலிவான வழிகள் இருக்கின்றன.

இறங்கும்போது முழங்கால் பேசும். முதியவர்களைப் பக்கவாட்டில் நின்றபடி மெல்ல இறங்கச் சொல்லலாம். அடிவாரத்திலிருந்து சீரகச்சம்பா பிரியாணிக்கு யாரும் வழி சொல்லத் தேவையில்லை, வாசனையே கூட்டிப்போகும். பழனிக்குத் திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் தூக்கம் நிச்சயம்.

ஊர் திரும்பிய பிறகு பாலசமுத்திரத்துப் பிள்ளைகளிடம் சொல்ல இன்னொரு நிலத்தடிச் சங்கதியும் இருக்கிறது. பக்கத்துப் பொருந்தலில் 2009, 2010 ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்தபோது, கல்லறை ஒன்றில் இரண்டு கிலோ நெல் வைத்த ஜாடி கிடைத்தது. அந்த நெல்லைக் காலக்கணிப்புச் செய்ததில் கி.மு. 490 என்று வந்தது. சுரங்கம் தேடுகிறவர்கள் மிதித்துக்கொண்டு போகும் மண்ணுக்கு அடியில் இருந்தது அந்த ஜாடி.

உண்மையாகவே நடந்து பார்க்கக்கூடிய சுரங்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் விடுமுறையில் புர்ஹான்பூருக்கே போகலாம். அங்கே அதன் பெயர் கூனி பண்டாரா. புசாவல் சந்திப்புக்கும் கண்ட்வாவுக்கும் இடையில் புர்ஹான்பூர் ரயில் நிலையம் இருக்கிறது. ஊருக்கு வெளியே இருக்கும் அந்த இடத்தில் கிணறு ஒன்றின் வழியே லிப்டில் ஏறத்தாழ எண்பது அடி இறங்க வேண்டும். கீழே கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஓடும். அண்ணாந்தால் அடுத்தடுத்த கிணறுகளின் வாய் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குக் கர்நாடகத்தின் பீதரில், நௌபாத் பகுதியில், பாமினி சுல்தான்கள் காலத்து நீர்ச்சுரங்கம் உண்டு. ஹைதராபாத்திலிருந்து பேருந்தில் போய்விடலாம். எங்கே போனாலும் மழைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது. புர்ஹான்பூர் லிப்ட் பழுதில் நிற்கும் நாட்களும் உண்டு என்பதால், ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன் அங்குள்ள விடுதிக்கு ஒரு போன் போட்டு, லிப்ட் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.