வீட்டுப் பண்டமும் கைவேலையும் சிக்கன வாழ்வும்

முன்னுரை

சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. வேண்டியதை வாங்க வசதியில்லாதவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் அது என்று நினைக்கிறோம். கடையில் வாங்கிய பலகாரம் உயர்ந்தது, வீட்டில் செய்தது தாழ்ந்தது என்றும் எண்ணுகிறோம். விடுதி அறையில் ஒருத்தி வீட்டு முறுக்குப் பொட்டலத்தை மறைத்து வைப்பதும், இன்னொருத்தி வண்ணக் காகிதப் பொட்டலத்தைப் பலர் பார்க்கப் பிரிப்பதும் இந்த எண்ணத்தால்தான். இது சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது ஊர் கற்பிக்கும் பாடம்

நமது அன்னவாசல் வட்டாரம் ஆற்றுப் பாசனம் பெற்ற பூமி அன்று. மழை பெய்தால் கண்மாய் நிரம்பும். கண்மாய் நிரம்பினால் வயல் விளையும். மழை பொய்த்த ஆண்டில் நிலக்கடலையும் சிறுதானியமும் பனையும் புளியும்தான் துணை. இத்தகைய மண்ணில் வாழ்ந்த நம் முன்னோர் கிடைத்த காலத்தில் சேர்த்துவைக்கவும், சேர்த்ததை வீணாக்காமல் உண்ணவும் கற்றுக்கொண்டார்கள். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்ற பழமொழியை ஆறே இல்லாத ஊரார் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

நமக்கு அருகிலுள்ள சித்தன்னவாசலை எண்ணிப் பாருங்கள். அங்கே ஏழடிப் பாட்டத்தில் சமண முனிவர்கள் வெறும் கற்படுக்கையில் படுத்துறங்கினார்கள். அதே குன்றின் குடைவரைக் கோயிலில் தாமரைத் தடாகமும் அன்னமும் மீனும் யானையும் மலர் பறிப்போரும் உள்ள ஓவியத்தைக் காண உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். அந்த ஓவியத்தின் வெள்ளை சுண்ணாம்பு. கறுப்பு விறகுக் கரி. மஞ்சளும் சிவப்பும் காவி மண். எளிய பொருளும் தேர்ந்த கையும் சேர்ந்தால் ஆயிரம் ஆண்டு நிலைக்கும் அழகு பிறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வீட்டுப் பண்டத்தின் இன்பம்

வீட்டில் செய்யும் உணவில் சுவை மட்டுமன்று, அறிவும் அடங்கியிருக்கிறது. கோடையில் மொட்டை மாடியிலும் முற்றத்திலும் வற்றல் காயவைக்கிறோம். சுண்டைக்காயையும் மிளகாயையும் உப்பிட்ட புளித்த மோரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துகிறோம். உப்பு காயின் நீரை வெளியே இழுக்கிறது. மோரின் புளிப்பு கிருமிகள் பெருகாமல் தடுக்கிறது. மிச்சமுள்ள ஈரத்தை வெயில் வாங்கிவிடுகிறது. ஈரமில்லாத இடத்தில் கிருமி வளராது. மின்சாரமோ குளிர்பதனப் பெட்டியோ இன்றி ஓராண்டுக்கு உணவைக் காக்கும் விஞ்ஞானம் இது. பாட்டி அதை விஞ்ஞானம் என்று சொல்லவில்லை. ‘நல்லாக் காயட்டும்’ என்று மட்டும் சொன்னார்.

அதிரசத்தையும் எடுத்துக்கொள்வோம். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். பாகு முற்றினால் அதிரசம் கல்லாகும். இளகினால் எண்ணெயில் பிரிந்து போகும். மாவை ஓரிரு நாள் வைத்திருந்துதான் தட்ட வேண்டும். பொறுமை, கவனம், அளவு ஆகிய மூன்றையும் ஒருசேரக் கற்றுத்தரும் பாடம் இது. கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது அச்சு முறுக்கும் அதிரசமும் செய்து பக்கத்து வீட்டு இந்துச் சகோதரருக்கும் முஸ்லிம் சகோதரருக்கும் தட்டில் வைத்துத் துணி மூடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அவர்கள் தட்டைத் திருப்பித் தரும்போது அது வெறும் தட்டாக வருவதில்லை. கடைப் பொட்டலத்துக்கு இந்த உறவு ஏது?

சத்தைப் பார்த்தாலும் நம் பழைய உணவு தாழ்ந்தது அன்று. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. வளரும் பெண்களின் எலும்புக்கு அது உறுதி தரும். நிலக்கடலையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம். நீர் ஊற்றி வைத்த பழைய சோற்றில் இரவோடிரவாக நன்மை தரும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நம் கொள்ளுப்பாட்டிகள் கூழ் கரைத்த சட்டிக்கு உலகம் தாமதமாகத் தந்த மரியாதை என்று இதைக் கொள்ளலாம்.

கைவேலையின் பெருமை

கைவேலை என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. அது சிலருக்கு விடுதலையே தந்திருக்கிறது. 1820ஆம் ஆண்டையொட்டி நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் என்னும் சீர்திருத்த சபை மறைப்பணியாளர் ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அன்று திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அடிமைகளாயிருந்த சில பெண்கள் லேஸ் பின்னிச் சேர்த்த பணத்தைக் கொண்டே தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். 1897ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டிலிருந்து அன்னை மரி லூயிஸ் தெ மெஸ்தர் முளகுமூட்டுக்கு வந்து அனாதைக் குழந்தைகளை அரவணைத்தார். அங்கும் லேஸ் வேலை வளர்ந்து பல பெண்களுக்குப் பிழைப்பாயிற்று. ஊசியும் நூலும் அற்பப் பொருள்கள்தாம். அவற்றைப் பிடித்த கைகளுக்கு அவை தந்த தலைநிமிர்வு அற்பமன்று.

நம் தமிழகத்தில் இன்னும் எத்தனையோ கைவேலைகள் உள்ளன. தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்த பத்தமடைப் பாய், மணப்பாட்டுப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டி, செட்டிநாட்டுக் கொட்டான் ஆகியவை பெயர் பெற்றவை. நம் வீடுகளிலும் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த மெத்தை விரிப்பும், நெல்லிக்காய் முடிச்சுப் போட்ட ஒயர் கூடையும் உண்டு.

மாணவியர் அனைவரும் எளிதில் செய்யக்கூடிய துணிப்பை ஒன்றை இங்கே விளக்குவோம். 36 அங்குல நீளமும் 16 அங்குல அகலமும் உள்ள பழைய கெட்டித் துணியை எடுத்துக்கொள்ளவும். நீளவாக்கில் இரண்டாக மடித்து, துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி இரு ஓரங்களையும் ஒட்டித் தைக்கவும். பிறகு பையை உள்வெளியாகத் திருப்பி அதே ஓரங்களை மீண்டும் தைத்தால் பிசிறு உள்ளே மறைந்துவிடும். மீண்டும் நல்ல பக்கத்துக்குத் திருப்பி, வாயை ஓர் அங்குலம் மடித்துத் தைக்கவும். 20 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் உள்ள இரண்டு துண்டுகளை மடித்துத் தைத்துக் கைப்பிடியாக்கிச் சேர்க்கவும். கைப்பிடி சேருமிடத்தில் சதுரமாகத் தைத்து, அதனுள் குறுக்காக இரு கோடுகள் போட்டால் ஐந்து கிலோ அரிசிக்கும் அறுந்துபோகாது. பூ வேண்டுமானால் சங்கிலித் தையலும் காம்புத் தையலும் போதும்.

தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. மஞ்சள் பையைக் கண்டு நகைத்த காலம் போய், அதைத் தேடும் காலம் வந்துவிட்டது.

ஒரு தமிழ்க் கணக்கரின் கணக்கு

தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டு ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜே.சி. குமரப்பா. இலண்டனில் கணக்கியல் பயின்று, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்றவர். நல்ல வருமானம் தரும் தொழிலை விட்டு, காந்தியடிகளோடு சேர்ந்தார். 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினார். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம், கைக் காகிதம் ஆகியவற்றுக்காக உழைத்தார். சிறையிலிருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூலும், இயேசுவின் போதனைகள் பற்றி ஒரு நூலும் எழுதினார். இறுதி நாள்களை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் எளிய குடிலில் கழித்து, 1960 ஜனவரி 30ஆம் நாள் மறைந்தார்.

பொருளின் விலையை மட்டும் பார்க்காதே, அதற்காக எவர் உழைத்தார், பூமி எதை இழந்தது என்பதையும் கணக்கில் சேர் என்பதே அவர் கற்பித்த பாடத்தின் சாரம். அந்த முறையில் நாமும் கணக்குப் பார்ப்போம். நாள்தோறும் ஐந்து ரூபாய்க்குப் பொட்டலத் தின்பண்டம் வாங்கும் ஒரு மாணவி, பள்ளி 200 நாள் நடப்பதாகக் கொண்டால், ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் செலவழிக்கிறாள். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அது மூவாயிரம். சேமிப்பில்லாத அந்த வீட்டில் திடீரென்று நோய் வந்தால் பத்தாயிரம் கடன் வாங்க நேர்கிறது. நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி என்றால் மாதம் 500, ஆண்டுக்கு 6,000. வட்டி கட்டிய பிறகும் முதல் அப்படியே நிற்கும். கடன் முற்றிய வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது பெரும்பாலும் பெண்பிள்ளையின் படிப்பே. தோழியரே, நம் ஐந்து ரூபாய்க்கும் நம் படிப்புக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

அஞ்சலகச் சேமிப்பு வங்கி நம் நாட்டில் 1882 முதல் நடக்கிறது. பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரிலேயே 500 ரூபாய் கட்டிக் கணக்குத் தொடங்கலாம். பத்து வயதுக்கு உட்பட்ட தங்கைக்குப் பெற்றோர் செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடிருக்கும். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களும் சிறு சேமிப்பைக் கொண்டே வளர்ந்தவை. சிறுதுளிதான் பெருவெள்ளம்.

உழைப்பவர் யார்?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டுப் பண்டம் மலிவு என்கிறோம். அதில் அம்மாவின் உழைப்புக்கு விலை போட்டோமா? காலையில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் திரும்பும் தாய், எல்லாரும் உறங்கிய பிறகும் மாவரைத்துக்கொண்டிருந்தால், அது சிக்கனமன்று. ஒருவர் உடலைச் செலவழித்து மற்றவர் பணத்தை மிச்சப்படுத்துவதாகும். குமரப்பாவின் கணக்கில் இதுவும் செலவே.

ஆகவே வீட்டு உணவின் இன்பம் வேண்டுமானால் வேலையையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வற்றலுக்குக் காவலிருப்பது தம்பி. கடலை உரிப்பது அப்பா. பாத்திரம் துலக்குவது அண்ணனும் நாமும். ஆண்மகனுக்கு அடுப்படி இழுக்கு என்போருக்கு நற்செய்தியே விடை கூறுகிறது. உயிர்த்த ஆண்டவர் ஏரிக்கரையில் தாமே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, களைத்து வந்த சீடரை உண்ண அழைத்தார். நாசரேத்துத் திருக்குடும்பத்திலும் உழைக்காத கை ஒன்றுமில்லை.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு

தனக்கும் உதவாமல் பிறர்க்கும் உதவாமல் பூட்டி வைப்பது கஞ்சத்தனம். வீணாக்காமல் காத்து, வேண்டியபோது மனமுவந்து கொடுப்பது சிக்கனம். இயேசு ஐயாயிரம் பேருக்கு வயிறார உணவளித்தார். அங்கே கஞ்சத்தனம் இல்லை. பிறகு மீதியான துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. யோப்பா நகரத்துத் தபித்தா தன் கையால் தைத்த ஆடைகளை ஏழைக் கைம்பெண்களுக்குக் கொடுத்தார். அவர் இறந்தபோது அந்த ஆடைகளைக் காட்டியே அவர்கள் அழுதார்கள். தவக்காலத்தில் ஒரு பலகாரத்தை ஒறுத்து, அந்தக் காசை ஏழையர் உண்டியலில் இடும் நம் வழக்கமும் இதே நெறிதான். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், எறியும் பண்பாட்டைக் கைவிட்டு இப்பூமியை நம் பொது இல்லமாகப் பேணும்படி கேட்டுக்கொண்டார்.

நாம் செய்யக்கூடியவை

1. வாரம் இரு நாளாவது இடைவேளைக்கு வேகவைத்த கடலையோ சுண்டலோ வீட்டிலிருந்து கொண்டுவருதல்.

2. அறுந்த பொத்தானையும் பிரிந்த ஓரத்தையும் நாமே தைத்துக்கொள்ளுதல்.

3. எழுதாத தாள்களைப் பிரித்துச் சேர்த்துக் கணக்குப் போடும் குறிப்பேடு தைத்தல்.

4. வரவு செலவை ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதுதல்.

5. பாட்டியிடம் ஒரு பண்டமோ கைவேலையோ கேட்டுக் கற்று, அளவோடு எழுதி வைத்தல். எழுதாத பாடம் அவரோடு போய்விடும்.

முடிவுரை

1924ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாட்டில் உலக சிக்கன நாள் பிறந்தது. நம் நாட்டில் அக்டோபர் 30ஆம் நாள் அதைக் கடைப்பிடிக்கிறோம். ஆனால் சிக்கனம் ஒரு நாள் விழாவன்று. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்றறிந்து, உண்பதில் ஒரு பங்கையாவது நாமே சமைத்து, உடுப்பதில் ஒரு கிழிசலையாவது நாமே தைத்து, மிஞ்சியதில் ஒரு பங்கை இல்லாதவருக்கு ஈந்து வாழ்வோம். அப்படி வாழும் பெண் கடனுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பிறர் பகட்டுக்கும் நாண வேண்டியதில்லை. நாளை விடுதியில் வீட்டு முறுக்குப் பொட்டலத்தைத் தயங்காமல் பிரிப்போம். அனைவருக்கும் பகிர்ந்து கொடுப்போம்.