கடைவீட்டு மாடியில் தூங்குவது யார்?
தீப் பாதுகாப்பு: கேள்வி-பதில்

கேள்வி: புக்கிட் ரோத்தானில் இரண்டு மாடிக் கடைவீடு ஒன்று வாங்கியிருக்கிறேன். கீழே மளிகைக் கடை, மேலே தொழிற்சாலை ஆட்கள் இருபது பேருக்குத் தங்கும் விடுதி என்பது திட்டம். இரண்டு மாடிக்கெல்லாம் பொம்பா (தீயணைப்புத் துறை) ஸ்பிரிங்க்லர் கேட்காது என்கிறார் குத்தகையாளர். சரிதானா?

பதில்: பாதி சரி. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எந்தக் கட்டடத்துக்கு என்ன தீயணைப்பு ஏற்பாடு வேண்டும் என்பது 1984-ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைச்சட்டத்தின் பத்தாம் அட்டவணையில் இருக்கிறது. சிலாங்கூரில் அது 1986-ஆம் ஆண்டுத் துணைச்சட்டமாக நடப்பில் உள்ளது. அந்த அட்டவணை மாடியையும் பரப்பையும் எண்ணுவதற்கு முன்னால், கட்டடம் எதற்குப் பயன்படுகிறது என்றுதான் கேட்கிறது. உங்கள் கட்டடத்தின் பிளான் கடைக்கும் அலுவலகத்துக்கும் பாஸானது. மாடியில் கட்டில் போட்ட அன்றே, ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாவிட்டாலும், சட்டத்தின் கண்ணில் அது வேறு கட்டடம். உங்களுக்கு இடிக்கப்போவது தண்ணீர்க் குழாய் இல்லை, படிக்கட்டு. மேல்தளம் 12 மீட்டர் உயரத்தைத் தாண்டாவிட்டால் ஒரே படிக்கட்டு போதும் என்று 194-ஆம் விதி சலுகை தருகிறது. ஆனால் குடும்பம் வசிக்கும் வீடு அல்லது அலுவலகம் என்றால்தான் அந்தச் சலுகை. கீழ்த்தளத்தில் கடை இருக்கலாம், அதுவும் படிக்கட்டைக் கடையிலிருந்து தடுத்துக் கட்டியிருந்தால். இருபது தொழிலாளர் படுக்கும் கூடம் இதில் எதிலும் சேராது. குத்தகையாளர் ஸ்பிரிங்க்லரைப் பற்றி மட்டும் பேசியதற்குக் காரணம், நீங்கள் அதை மட்டும் கேட்டதுதான்.

2017 செப்டம்பர் 14 விடியற்காலை கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் ஒரு சமயப் பள்ளியின் விடுதி எரிந்தது. 21 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அது வானுயரக் கட்டடம் அல்ல, மூன்றே மாடி. மூல பிளானில் மேல்மாடி திறந்த கூடம். இரண்டு படிக்கட்டுகளுக்கும் போக வழி இருந்தது. பிறகு எழுப்பிய ஒரு சுவர் மாடியை இரண்டாகப் பிரித்து, இரண்டாவது படிக்கட்டை மறைத்துவிட்டதாக அப்போதைய அமைச்சரே சொன்னார். சன்னல்களிலோ இரும்புக் கிரில். தீ எப்படி மூண்டது என்பது நீதிமன்றத்தின் வேலை. மூண்ட பிறகு இறங்க வழி இல்லாமல் போனதற்கு அந்தச் சுவரும் கிரில்லும் காரணம். நம் வட்டாரக் கடைவீடுகளின் மாடிகளில் பலகை அடித்து அறை அறையாகத் தடுப்பவர்கள் செய்வதும் இதே காரியம்தான்.

கல்லும் சிமெண்டும் எரியாது என்று அடுத்து வாதம் வரும். எரிவது மெத்தை, துணிமூட்டை, பலகைத் தடுப்பு. ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகை. கிரில் இல்லாவிட்டால் திருடன் வருவான் என்பீர்கள். கிரில் போடுங்கள், ஆனால் உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்கிற கிரில்லாக. செலவு என்ற வாதத்தில் மட்டும் நியாயம் இருக்கிறது. ஸ்பிரிங்க்லர் முனைகள் மலிவு, தொட்டியும் பம்பும்தான் காசைத் தின்னும், தெருக்குழாய் அழுத்தத்தை நம்பி அவற்றைத் தவிர்க்கவும் முடியாது. அதனால் கையில் இருக்கும் காசை முதலில் இரண்டாவது படிக்கட்டுக்கும், கடையையும் மாடியையும் தீ தாண்டாதபடி பிரிப்பதற்கும், எல்லா அறைக்கும் கேட்கிற புகை எச்சரிக்கை மணிக்கும் போடுங்கள். அட்டவணைப்படி ஸ்பிரிங்க்லரும் வேண்டுமென்றால் அதற்கு மேல் பேரம் பேசாதீர்கள். கட்டடக் கலைஞர் ஒருவரைப் பிடித்து, பயன்பாட்டு மாற்றத்துக்கு கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகத்தில் மனுப் போடுங்கள். பிளான் அங்கிருந்து பொம்பாவின் பார்வைக்கும் போகும். தொழிலாளர் துறையின் தங்குமிடச் சான்றிதழ் தனி. இத்தனையும் தலைவலி என்று தோன்றினால் மாடியை அலுவலகத்துக்கு வாடகைக்கு விடுங்கள்.

கேள்வி: பங்களா வீடு ஒன்றை முதியோர் இல்லமாக்குகிறோம். ஒரே தளம், நான்கு பக்கமும் கதவு. பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் படுத்த படுக்கை. எங்களுக்கு ஸ்பிரிங்க்லர் தேவையில்லைதானே?

பதில்: அம்மா, மேலே உள்ளவரைப் படிக்கட்டுக்குத் துரத்திய நான் உங்களிடம் நேர்மாறாகச் சொல்லப்போகிறேன். சட்டம் கேட்காவிட்டாலும் போடுங்கள். கதவு நாலு இருந்தாலும் நாற்பது இருந்தாலும் நடக்கிறவருக்குத்தான் அது வழி. 2016 அக்டோபர் 25 ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனைத் தீயில் இறந்த ஆறு பேருமே தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள். எழுந்து ஓட முடியாதவர்கள். இரவில் உங்கள் இல்லத்தில் எத்தனை பணியாளர் இருப்பார்கள்? இரண்டு பேரா? ஐந்து பேரைத் தூக்கி வெளியே கொண்டுபோகும் வரை தீயைக் காத்திருக்க வைப்பது ஸ்பிரிங்க்லரால் மட்டுமே முடியும். இங்கிலாந்தில் 2025 மார்ச் முதல் புதிய முதியோர் இல்லம் என்றால் உயரம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் அது கட்டாயம். அங்கேயும் அளவுகோல் மாடியிலிருந்து ஆளுக்கு மாறியிருக்கிறது. இல்லம் பதிவுபெற பொம்பாவின் பரிசோதனையைத் தாண்டியே ஆக வேண்டும். அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திராமல், கூரையைப் பிரித்து வேலை நடக்கும்போதே குழாய் ஓட்டிவிடுங்கள். பிறகு செய்தால் இரட்டைச் செலவு. பயப்படாதீர்கள், கதவு விஷயத்தில் நீங்கள் பலரைவிட முன்னால் இருக்கிறீர்கள்.

கேள்வி: கோயில் மண்டபத்தில் ஸ்பிரிங்க்லர் வைத்தால் சாம்பிராணிப் புகைக்கே தண்ணீர் கொட்டி, கல்யாணம் நனைந்துவிடும் என்று நிர்வாகத்தில் அஞ்சுகிறார்கள்.

பதில்: சினிமா பார்த்து வந்த பயம். அந்த முனைக்குப் புகை தெரியாது, சூடுதான் தெரியும். முனையை அடைத்து நிற்கும் சிறு கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் விரிந்து குமிழை உடைக்கும். சிவப்புத் திரவம் என்றால் 68 பாகை செல்சியஸில். உடைந்த முனையில் மட்டுமே தண்ணீர் வரும், அதுவும் நிமிடத்துக்கு 60, 80 லிட்டர் அளவில். பொம்பா வண்டியின் குழாய் மண்டபத்துக்குள் வந்தால் நனைவது இதைவிடப் பல மடங்கு. நான் அஞ்சுவது உங்கள் அலங்காரக்காரரை. முனையில் தோரணக் கயிறு கட்டுவார், திருவிழாவுக்குக் கூரைக்கு அடிக்கும் பெயிண்டை முனைக்கும் சேர்த்து அடிப்பார். பெயிண்ட் பட்ட முனையைத் துடைத்து வைக்காதீர்கள், மாற்றுங்கள்.

கேள்வி: ஈஜோக் பக்கம் எங்கள் கிடங்கில் ஸ்பிரிங்க்லர் இருக்கிறது. சரக்கு கூடிவிட்டது, கூரைவரை அடுக்கலாமா?

பதில்: கூடாது. முனைக்குக் கீழே அரை மீட்டராவது வெற்றிடம் வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் முதல் அட்டைப்பெட்டியிலேயே நின்றுவிடும். அடுக்கும் உயரம் கூடினால் பழைய கணக்கும் செல்லாது, பொறியாளரிடம் மறுபடி கணக்குப் போடச் சொல்லுங்கள். வால்வு வெளிச்சுவரில், பொம்பா ஆட்கள் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது கட்டடத் துணைச்சட்டத்தின் 228-ஆம் விதி. அதன் முன்னால் ஃபோர்க்லிஃப்ட்டை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: பலகை லயத்து வீட்டில் இருக்கிறோம். ஸ்பிரிங்க்லர் போட முடியுமா?

பதில்: வேண்டாம். பழைய வயரை மாற்றுங்கள், ஒரே பிளக்கில் நாலு சாமானைச் செருகாதீர்கள், பேட்டரியில் ஓடும் புகை மணி ஒன்றைப் படுக்கிற அறைக்கு வெளியே மாட்டுங்கள்.

கேள்வி: 9 கிலோ தீயணைப்பான் இரண்டு வாங்கி மாட்டினால் ஸ்பிரிங்க்லருக்கு ஈடாகுமா?

பதில்: ஆகாது. அதைத் தூக்க ஒருவர் விழித்திருக்க வேண்டும்.