கொசுவின் குடலில் ஒரு காவலன்

‘கூட்டுயிர் வாழ்க்கை’ என்பதை நாம் உயிரியல் பாடத்தில் படித்திருக்கிறோம். உளுந்துச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா செடிக்குத் தழைச்சத்து அளிக்கிறது. செடி அதற்கு உணவு தருகிறது. கொசுவின் உடலிலும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றைக் கொண்டே மலேரியாவை ஒழிக்க இயலுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர்.

1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் டாக்டர் ரொனால்டு ராஸ், அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். நோயாளியின் இரத்தத்தோடு கொசுவின் குடலுக்குச் செல்லும் ஒட்டுண்ணி, அங்கு வளர்ந்து பெருகி, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. அதன் பின்னரே அக்கொசுவின் கடியால் நோய் பரவும். ஆகவே, குடலிலேயே ஒட்டுண்ணியைத் தடுத்துவிட்டால் கொசு கடித்தாலும் மலேரியா வராது.

மருந்து தெளித்தால் போதாதா என்று கேட்கலாம். 1958இல் நம் நாட்டில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. டி.டி.டி. தெளித்ததால் 1965இல் நோயாளிகள் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தனர். ஆனால் 1976இல் அந்த எண்ணிக்கை 64 லட்சமாயிற்று. கொசுக்கள் மருந்தைத் தாங்கும் சக்தி பெற்றதும் அதற்கு ஒரு காரணம்.

ஸ்பெயின் நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் வளர்த்த கொசுக்களில் மலேரியா ஒட்டுண்ணி சரிவர வளரவில்லை. காரணத்தைத் தேடியபோது, கொசுவின் குடலில் டெல்ஃப்டியா என்னும் பாக்டீரியா இருப்பது தெரிந்தது. அது சுரக்கும் ‘ஹார்மேன்’ என்ற பொருள் ஒட்டுண்ணியின் வளர்ச்சியைத் தடுக்கிறது. இச்செய்தி 2023இல் வெளியாயிற்று. இது கொசுவைக் கொல்வதில்லை; ஆகையால் கொசு இதை எதிர்த்து மாறவேண்டிய அவசியமும் குறைவு.

வோல்பாக்கியா என்பது மற்றொரு பாக்டீரியா. இது முட்டை வழியே தாய்க் கொசுவிலிருந்து குஞ்சுகளுக்குச் செல்லும். கிணற்றிலும் தொட்டியிலும் முட்டையிட்டு நம் நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவில் இதைச் செலுத்தி, 2013இல் அமெரிக்காவில் வெற்றி கண்டனர். நம் அருகிலுள்ள புதுச்சேரியின் கொசு ஆராய்ச்சி மையமும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவில் வோல்பாக்கியாவைச் செலுத்தி வளர்த்திருப்பதாக 2022இல் அறிவித்தது.

தோழியரே! ஆய்வுக்கூடத்தில் பெற்ற வெற்றி ஊருக்குள் வர நாளாகும். அதுவரை நம் ஆய்க்குடியில் கிணற்றுக்கு வலையும் தொட்டிக்கு மூடியும் இடுவோம்; குளிர்காய்ச்சல் கண்டால் தாமதியாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வோம். கொசுவுக்குள் இருக்கும் காவலனை விஞ்ஞானிகள் தேடட்டும்; வீட்டுக்குக் காவலர் நாமே.