புழுதி விதைப்பில் யூரியா எங்கே போகிறது?

"பக்கத்து வயலுக்கும் அதே அளவு பசளைதான் போட்டார்கள். அது கரும்பச்சையாக நிற்கிறது, எங்களுடையது மஞ்சளாக நிற்கிறது." இடம்பெயர்ந்து திரும்பி, தரிசாய்க் கிடந்த வயலில் முதல் மாரி வேளாண்மை செய்பவர்களிடம் இப்பேச்சை அடிக்கடி கேட்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, விதைத்த முறையை.

படுவான்கரையின் மானாவாரி வட்டைகளில் மழைக்கு முன்பே புழுதியில் விதைப்போம். காய்ந்த மண்ணில் காற்று உண்டு. அங்கே போட்ட யூரியா சில வாரங்களில் நைத்திரேற்றாக மாறிவிடும். பயிரோ இன்னும் சிறு முளை; அதை எடுக்க வேர் இல்லை. வடகீழ்ப் பருவமழை வயலை நிரப்பியதும், அந்த நைத்திரேற்றில் ஒரு பகுதி நீரோடு கீழே இறங்கும். மற்றது வாயுவாகிப் பறந்துவிடும். கடன்பட்டு வாங்கிய பசளை போனதே தெரியாது.

சேற்று விதைப்பில் நிலைமை வேறு. நீர் நிற்கும் சேற்றில் காற்று இல்லாததால் நைதரசன் அமோனியமாகவே களியில் ஒட்டி நிற்கும், வேர் மெல்ல எடுக்கும்.

ஒரு தொன் நெல் விளைய, பயிர் 15 முதல் 20 கிலோ வரை நைதரசன் எடுக்கிறது. 50 கிலோ யூரியா மூடையில் இருப்பது 23 கிலோ. நன்றாகப் போட்டாலும் அதில் பாதிகூடப் பயிருக்குச் சேர்வது அரிது. ஆகவே புழுதி விதைப்பில் யூரியாவை அடிக்கட்டாகப் போட வேண்டாம். முளைத்து இரண்டு வாரமளவில், மண் நனைந்து வேர் பிடித்தபின் தொடங்குங்கள். நீரை வடித்துப் போட்டு, ஓரிரு நாளில் மீண்டும் கட்டுங்கள். வக்கடையை இறுக்க மறக்க வேண்டாம். முச்சுப்பர் பொசுபேற்று அப்படியல்ல. அது மண்ணில் நகராது, விதைக்கும்போதே கலக்கலாம்.

இனத்தையும் பாருங்கள். அறுவடைக்கு 60, 65 நாட்களுக்கு முன்பே தண்டினுள் கதிர் உருவாகத் தொடங்குகிறது. மூன்று மாத இனமான பீ.ஜீ. 300இல் அது ஏறக்குறைய நாலாம் வாரம். மூன்றரை மாத இனமான பீ.ஜீ. 94-1இல் ஆறாம் வாரம். இரண்டுக்கும் ஒரே நாளில் மேற்கட்டு போடுவது சரிவராது. பூத்தபின் போடும் யூரியா பூச்சிக்கும் நோய்க்கும்தான் உதவும்.

வாவிக்கரை வயல்களில் இலைநுனி வெளுத்துக் கருகினால் அதைப் பசளைக் குறைவென்று எண்ணி யூரியா வீச வேண்டாம். உப்பு மண்ணில் வேருக்குள் சோடியம் புகுந்து, பொற்றாசியம் ஏறுவதைத் தடுக்கிறது. முதல் மழைநீரைத் தேக்கி, இரண்டு மூன்று முறை வடித்துவிட்டு விதைப்பது நல்லது. உப்பைத் தாங்கும் ஏ.ரி. 354 கிடைக்குமா என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

பொற்றாசியத்தைப் பற்றி இன்னொன்று. பயிர் எடுத்ததில் பெரும்பகுதி நெல்லில் அல்ல, வைக்கோலில்தான் நிற்கிறது. இரண்டு தொன் வைக்கோலில் உள்ளது ஏறத்தாழ ஒரு மூடை எம்.ஓ.பி.க்குச் சமம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது, எரித்த வைக்கோலை நினைத்து வருந்தியவர்கள் உண்டு. சூடடித்த இடத்தில் குவிந்து கிடப்பதை வயல் முழுவதும் பரப்பி, முதல் உழவிலேயே மண்ணுக்குள் தள்ளுங்கள். விதைப்புக்கு முன் அது உக்குவதற்கு இரண்டு மூன்று வாரமாவது வேண்டும்.