இரும்புக்கை மாயாவிக்கு ஓர் இரண்டாம் பாகம்



‘ஆண்டு மலரில் படக்கதையைப் பற்றியா கட்டுரை?’ என்று நீங்கள் மூக்கின் மேல் விரல் வைக்கக் கூடும். எங்கள் தமிழம்மா அவர்களும் முதலில் அப்படித்தான் கேட்டார்கள். பதினொன்றாம் வகுப்பு மாணவியர் பன்னிருவரான எங்களுக்கு இலக்கிய மன்றத்தில் இவ்வாண்டு கிடைத்த தலைப்பு ‘கதை மாந்தரின் வளர்ச்சி’ என்பதாகும். குறையுள்ள ஒரு வீரன் அடுத்த கதையில் எப்படி வளர வேண்டும் என்று ஆராய்வதென முடிவு செய்தோம். ஆனால் எந்த வீரனை எடுத்துக்கொள்வது?

எங்களில் ஒருத்தியின் பெரியப்பா ஆலங்குடியில் இருக்கிறார். அவர் மாணவராக இருந்த நாளில் புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதிக் கடையொன்றில் வாடகைக்கு எடுத்துப் படித்த முத்து காமிக்ஸ் இதழ்களைப் பின்னாளில் தம் சம்பளத்தில் தேடித் தேடி வாங்கித் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். “கிழிக்காமப் படிங்க தாயி, இது எனக்குப் பொக்கிஷம்” என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார். பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை நாற்றத்தோடு எங்கள் கைக்கு வந்து சேர்ந்தவன்தான் இரும்புக்கை மாயாவி.

1972-இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடே இவன் பெயரில்தான் வந்தது. ஆயினும் இவன் தமிழ்நாட்டில் பிறந்தவன் அல்லன். 1962 அக்டோபரில், ‘வேலியண்ட்’ என்னும் இங்கிலாந்து நாட்டு வார இதழில் பிறந்தவன். கதை எழுதியவர் கென் பல்மர். படம் வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பெயின் நாட்டு ஓவியர். வீரனின் இயற்பெயர் லூயிஸ் கிராண்டல். பேராசிரியர் பாரிங்கர் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். விபத்தொன்றில் வலக்கையை இழந்து, அவ்விடத்தில் இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். பிறகு ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த வெடிப்பிலும் மின்னதிர்ச்சியிலும் அவன் உடல் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. அது முதல் மின்சாரம் பாயும்போதெல்லாம் மறைவான். மின்சாரம் தொட்டால் நமக்கு உயிர் போகும். அவனுக்கு உருவம் போகும். ஆனால் அந்த இரும்புக்கை மட்டும் மறையாது. அந்தரத்தில் ஒரு கை மட்டும் மிதந்து வரும். இதைப் படமாகப் பார்த்தபோது எங்களில் இருவர் பயந்தே போனார்கள்.

இந்த ஆற்றலைப் பெற்றவுடன் அவன் செய்தது என்ன? ஏழைக்கு உதவினானா? இல்லை, கொள்ளையடிக்கப் புறப்பட்டான்! எங்களுக்கு இது பெரும் வியப்பாக இருந்தது. பெரியப்பா நினைவில் வைத்திருந்த மாயாவி உத்தமன். கதை தொடங்கும் இடத்திலோ அவன் குற்றவாளி. தொடர்ந்து வந்த கதைகளில்தான் அவன் நல்லவனாகி, ‘நிழற்படை’ என்னும் இரகசிய அமைப்பில் சேர்ந்து பகைவரோடு போராடுகிறான். இரும்பு விரலில் துப்பாக்கி முதலிய புதுப்புதுக் கருவிகள் ஏறுகின்றன.

இதுதான் வளர்ச்சியா என்று எங்களுக்குள் வாதம் எழுந்தது. மூன்று நாள் மதிய உணவு வேளை முழுவதும் இதிலேயே கழிந்தது. “திருடன் காவல்காரன் ஆகிவிட்டானே, இன்னும் என்ன வேண்டும்?” என்றது ஒரு கட்சி. “களவு கொடுத்தவர்கள் கதையில் எங்கே போனார்கள்? அவர்களிடம் இவன் ஒரு வார்த்தை பேசினானா?” என்று கேட்டது மறு கட்சி. பெட்டியில் இருந்த இதழ்களையெல்லாம் புரட்டினோம். பகைவர்கள் புதியவர்கள், ஊர்கள் புதியவை, கருவிகள் புதியவை. பழைய கணக்கை மட்டும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. கருவி கூடுவதை வளர்ச்சி என்பது, சைக்கிளில் வந்தவள் ஸ்கூட்டரில் வந்தால் அறிவு கூடிவிட்டது என்பது போலத்தானே?

அதே பெட்டியில் ஸ்பைடரும் இருந்தான். 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியே தமிழுக்கு வந்தவன். 1965-இல் இங்கிலாந்தில் பிறந்தவன். குற்றவாளிகளுக்கெல்லாம் மன்னனாக வேண்டும் என்று புறப்பட்ட இவனும் பின்னர்க் குற்றவாளிகளையே வேட்டையாடத் தொடங்குகிறான். இவன் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஆம், நண்பரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்தான். 1938-இல் உலகறிந்த அந்தச் சூப்பர்மேனும், 1933-இல் சீகல் எழுதிய சிறுகதையில் கொடியவனாகத்தான் இருந்தானாம்! ஸ்பைடரைப் பற்றி எங்கள் கருத்து இது: அவன் போகும் திசை மாறியது, தலைக்கனம் மாறவில்லை. படிக்கச் சிரிப்பாக இருக்கிறது. மதிப்பெண் போடத்தான் மனம் வரவில்லை.

ஸ்பைடர் வேறு, ஸ்பைடர்மேன் வேறு. அமெரிக்காவின் ஸ்பைடர்மேன் நம் மாயாவி பிறந்த அதே 1962-இல் பிறந்தவன். ஓடுகின்ற திருடனைத் தடுக்க முடிந்தும் ‘எனக்கென்ன’ என்று விட்டுவிடுகிறான். அத்திருடனே அவனை வளர்த்த பெரியவரைக் கொன்றுவிடுகிறான். 2004-இல் வந்த இரண்டாம் திரைப்படத்தில் ஒரு காட்சி உண்டு. அப்பெரியவரின் மனைவியிடம், இத்தனை நாள் மறைத்த உண்மையை அவன் சொல்லிவிடுகிறான். அந்த அம்மாள் திட்டவில்லை. தம் கையை மெல்ல விலக்கிக்கொண்டு எழுந்து போய்விடுகிறார். பிறகு வேறொரு நாளில்தான் மன்னிக்கிறார். படம் முழுக்க எத்தனையோ சண்டை. ஆனால் அந்த மேசையருகில்தான் அவன் வளர்ந்தான் என்று பன்னிருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

இதைக் கேட்ட தமிழம்மா, “இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டுமா?” என்று எங்களை மணிமேகலைக்கு அழைத்துச் சென்றார்கள். சிலப்பதிகாரத்தின் கதைத் தொடர்ச்சி மணிமேகலை என்று தேர்வுக்காக எழுதியிருக்கிறோமே தவிர, அதை ஓர் இரண்டாம் பாகம் என்று எண்ணிப் பார்த்ததில்லை. மணிமேகலைக்கும் மந்திர ஆற்றல் உண்டு. வானில் செல்வாள், வேற்றுருக் கொள்வாள், பசியைத் தாங்குவாள். உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் உருவை எடுக்கிறாள். அந்த மாற்றுருவே வினையாகிறது. தன் மனைவிதான் அவள் என்று நம்பிய காஞ்சனன் உதயகுமரனை வாளால் வெட்டிவிடுகிறான். கொன்றவன் அவன், ஆனாலும் காரணம் இவள் கொண்ட உருவம். அதன் பின் இறந்தவனின் தாயாகிய அரசியின் வசத்தில் மணிமேகலை சிறை வைக்கப்படுகிறாள். அரசி அவளுக்குப் பல கொடுமைகள் செய்ய முயல்கிறாள். வானில் பறக்கத் தெரிந்தவள் பறந்து போய்விடவில்லை. அங்கேயே இருந்து அத்தாயோடு பேசுகிறாள். முடிவில் அரசி வணங்கியபோது, அவ்வணக்கத்தை ஏற்பது தகாது என்று மறுக்கிறாள். மந்திரம் கற்ற காதையைவிட இந்தச் சிறைக் காதையே எங்களுக்குப் பெரிதாகப் பட்டது.

இவ்விடத்தில் எங்கள் ஆராய்ச்சி கொஞ்சம் தடம் மாறியது. அதையும் எழுதியே ஆக வேண்டும்.

சென்ற ஆண்டு சித்தன்னவாசல் சுற்றுலாவுக்கென்று வகுப்பில் சேர்த்த பணத்தில் முந்நூறு ரூபாய் குறைந்தது. எடுத்தவள் எங்கள் பன்னிருவரில் ஒருத்தி. அடுத்த வாரமே வகுப்புச் சிஸ்டரிடம் திருப்பித் தந்துவிட்டாள். சிஸ்டரும் அவளைத் தனியே அழைத்துப் பேசி, அத்தோடு முடித்துவிட்டார்கள். நாங்கள்தான் முடிக்கவில்லை. அவள் அருகில் வந்து அமர்ந்தால் பையின் வாயை இழுத்து மூடுவோம். பேச்சைக் குறைக்கவில்லை, சிரிப்பைக் குறைக்கவில்லை. பையை மட்டும் மூடினோம். அவளும் எங்களிடம் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

மணிமேகலையைப் படித்து முடித்த அன்று மாலை, யாரும் கேளாமலே அவள் சொன்னாள்: “மாயாவி முழுசா மறைஞ்சாலும் கை மட்டும் தெரியுதுல்ல? ஒரு வருஷமா எனக்கும் அப்படித்தாண்டி இருக்கு. சிஸ்டர்கிட்ட சொன்னேன். உங்ககிட்டத்தான் சொல்லவே இல்லை. மன்னிச்சிருங்கடி.”

எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. அந்த அம்மாள் கையை விலக்கிக்கொண்ட காட்சியைக் குறை சொல்லிப் பேசியவர்கள் அன்று தலை நிமிரவில்லை. பை மூடியதை ஒருத்தி முதலில் ஒப்புக்கொண்டாள், பிறகு மற்றவர்களும். இதைக் கட்டுரையில் சேர்க்கலாமா என்று அவளிடமே கேட்டோம். “எழுதுங்க, பேரு மட்டும் வேணாம்” என்றாள். இக்கட்டுரையை எழுதும் பன்னிருவரில் அவளும் இருக்கிறாள்.

இனி, நாங்கள் மாயாவிக்கு அமைத்த இரண்டாம் பாகத்தைக் காண்போம். கதை எங்கள் கற்பனையே.

மாயாவி முன்பு கொள்ளையடித்த வங்கியில் வாயிற்காவலராக இருந்த ஒருவர், அந்தக் களவினால் வேலையை இழந்து ஊரோரத்தில் வாழ்கிறார். அவர் வீட்டுக் கதவை மாயாவி தட்டுகிறான். மறைந்து போகவில்லை, முழு உருவத்தோடு, பகலில் போகிறான். காவலரின் மனைவி அவன் கையைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொள்கிறார். ‘உட்கார்’ என்று சொல்லவில்லை. அவன் திரும்பிப் போகிறான். மறுவாரம் மீண்டும் வருகிறான். அன்றும் கதவு பாதிதான் திறக்கிறது. மூன்றாம் முறை என்ன நடக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. காவலர் கட்டித் தழுவிக்கொள்ள வேண்டும் என்றார்கள் ஐவர். அது திரைப்படத்தில்தான் நடக்கும் என்றார்கள் அறுவர்.

எஞ்சியவள் ஒன்றும் பேசாமல், வரைபடத் தாளில் கடைசிப் படத்தை வரைந்து கொண்டுவந்தாள். மாயாவி அவ்வீட்டுத் திண்ணையில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, பழுதான ஃபியூஸ் கட்டையைச் சரி செய்துகொண்டிருக்கிறான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கை வைத்திருக்கிறான். மின்சாரம் தொட்டால் மறைந்துவிடுவானே! ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர்.

செம்பை வைத்தது காவலரா, அவர் மனைவியா என்று கேட்டோம். அதை மட்டும் அவள் சொல்ல மறுக்கிறாள்.